அலர் தூற்றும் காலத்தில் அறத்தொடு நிற்றல்

இந்தக் காலத்துப் பிள்ளைகள் செய்தித்தாள் படிப்பதில்லை என்ற புலம்பலைக் கல்லூரி ஆசிரியர் அறையில் கேட்காத வாரமில்லை. கைப்பேசியில் வருவதையெல்லாம் நம்பிவிடுகிறார்கள் என்பார் ஒருவர். எதையுமே நம்புவதில்லை, எல்லாவற்றையும் மீம் ஆக்கிச் சிரிக்கிறார்கள் என்பார் அடுத்த நாற்காலியில் இருப்பவர். இரண்டும் ஒரே தலைமுறையின் மீது வைக்கப்படும் குற்றச்சாட்டுகள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டுமே நம்பிக்கையை ஓர் அளவாகப் பார்க்கின்றன: கூடினால் தவறு, குறைந்தால் தவறு. யாரை நம்புகிறோம், ஏன் நம்புகிறோம், நம்பியதைக் கொண்டு இன்னொருவருக்கு என்ன செய்கிறோம் என்ற கேள்விகள் அந்த அறையில் எழுவதேயில்லை. எனக்கு இவைதான் முக்கியமாகப் படுகின்றன. தொழில்நுட்பம் இவற்றைக் கூர்மையாக்கியிருக்கிறது. கேள்விகள் என்னவோ அறத்தைப் பற்றியவை, மிகப் பழையவை.

யாருடைய செய்தித்தாள்?

முதலில் நாம் இழந்துவிட்டதாகச் சொல்லப்படும் அந்தப் பொற்காலத்தைப் பார்த்துவிடலாம். செய்தித்தாள் வந்த வீடுகளில் அது யாருக்காக வந்தது? காலையில் அப்பா காப்பியோடு உட்கார்ந்து படிப்பார். அண்ணன் விளையாட்டுப் பக்கத்தை உருவிக்கொள்வான். அடுப்படி வேலை ஓய்ந்த மத்தியானத்தில், மடிப்புக் கலைந்த தாள் அம்மாவின் கைக்கு வந்தால் உண்டு. செய்தித்தாள் வாங்காத வீடுகளில் பெண்களிடம் அது மளிகைக் கடைப் பொட்டலமாக வந்து சேர்ந்தது. பருப்பை டப்பாவில் கொட்டிவிட்டு, கசங்கிய தாளை நீவி, கிழிந்த இடத்தில் நின்றுபோன செய்தியை அதுவரைக்கும் படித்த பெண்கள் நம் எல்லோருடைய குடும்பத்திலும் இருக்கிறார்கள்.

1942இல் சி. பா. ஆதித்தனார் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கினார். எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் எட்டும் தமிழில் செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்த்தது பெரிய காரியம். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தத் தாளை ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்டு விவாதித்த இடங்கள் எவை? டீக்கடை, முடிதிருத்தகம், கட்சிப் படிப்பகம். மூன்றிலும் பெண்ணுக்குப் பெஞ்சு கிடையாது. செய்தியைச் சந்தேகிக்கவும், எதிர்த்துக் கேட்கவும், ‘இவன் இந்தக் கட்சிக்காரன், இப்படித்தான் எழுதுவான்’ என்று எடைபோடவும் ஆண்கள் பயிற்சி பெற்ற பள்ளிக்கூடங்கள் அவை. அந்தப் பயிற்சியே கிடைக்காத பெண்களைப் பார்த்துத்தான் ‘கேட்டதையெல்லாம் நம்பிவிடுவாள்’ என்று நகைச்சுவைத் துணுக்கு எழுதினார்கள்.

நம்பகமானவை என்று இன்று நினைவுகூரப்படும் நாளிதழ்கள் பெண்ணை எந்தச் சொற்களால் எழுதின என்பதையும் மறக்க வேண்டாம். குற்றம் சாட்டப்பட்டவள் பெண்ணாக இருந்தால் ‘அழகி’. மணவாழ்வுக்கு வெளியே ஓர் உறவென்றால் ‘கள்ளக்காதல்’, ‘உல்லாசம்’. வன்புணர்வுக்குக் ‘கற்பழிப்பு’, குற்றம் செய்தவன் பெயருக்கு முன்பே, பாதிக்கப்பட்டவளிடம் ஏதோ அழிந்துவிட்டது என்று தீர்ப்பெழுதிவிடும் சொல். தேதியும் ஊரும் சரியாகத்தான் இருந்திருக்கும். தகவல் பிழையில்லாமலேயே ஒரு செய்தி அநியாயமாக இருக்க முடியும் என்பதை நாம் வாட்ஸ்அப்பிடமிருந்து கற்கவில்லை.

ஆகவே, கைப்பேசி வந்ததும் செய்தியின் அறம் கெட்டது என்று என் மாணவிகளிடம் என்னால் சொல்ல முடிவதில்லை. யார் அனுமதியும் கேட்காமல், யார் படித்து முடிப்பதற்கும் காத்திராமல், உலகச் செய்தி ஒரு பெண்ணின் உள்ளங்கைக்கு வந்தது இதுதான் முதல் முறை. அதுவும் எல்லோருக்கும் வந்துவிடவில்லை. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுவரையுள்ள இந்தியப் பெண்களில் தாமே பயன்படுத்தும் கைப்பேசி வைத்திருந்தவர்கள் 54 விழுக்காட்டினர். வைத்திருப்பவர்களிலும் எத்தனை பேருடைய போனை அண்ணன் வாங்கிப் பார்க்கிறான், எத்தனை பேருடையது தண்டனையாகப் பிடுங்கப்படுகிறது என்பதை மாணவிகளின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

தேடிப் போவதும் தேடி வருவதும்

ஒரு பருவத்தில் இரண்டாமாண்டு மாணவிகளிடம் ஒரு வாரம் தங்களுக்கு வந்த செய்திகளைக் குறித்துவரச் சொன்னேன். எங்கிருந்து வந்தது, நம்பினீர்களா, ஏன், என்ன செய்தீர்கள் என்று நான்கு கட்டங்கள். குறிப்பேடுகள் என்னை உட்காரவைத்துவிட்டன. ஒருத்திகூடச் செய்தியைத் ‘தேடி’ப் போயிருக்கவில்லை. “முக்கியமானதுன்னா அதுவே நம்மகிட்ட வந்துடும்மா” என்றாள் ஒருத்தி. மருதாணி ரீலுக்கும் சமையல் ரீலுக்கும் நடுவே ஒரு போர் வந்து போகிறது. ஒரு தேர்தல் வந்து போகிறது.

ஆனால் அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்பவுமில்லை. முதலில் கமெண்டுகளைப் படிக்கிறார்கள். பொய்யென்றால் யாராவது சொல்லியிருப்பார்கள் என்பது கணக்கு. வேறு இரண்டு பேர் அதையே போட்டிருக்கிறார்களா என்று பார்க்கிறார்கள். சொல்பவர் கேமராவை நேராகப் பார்த்துப் பேசுகிறாரா, நம்ம ஊர்ப் பேச்சில் பேசுகிறாரா என்று பார்க்கிறார்கள். மாலைத் தொலைக்காட்சி விவாதத்தில் ஒருவரையொருவர் கத்தவிடும் நெறியாளரைவிட, தன் அறையில் உட்கார்ந்து பேசும் யூடியூபர் அவர்களுக்கு நெருக்கமானவர். இவையும் ஒருவகைச் சோதனைகளே. ஓட்டை உள்ள சோதனைகள். ஏனென்றால் கமெண்டுகளைக் கூலிக்கு எழுதலாம், மூன்று பேரும் ஒரே இடத்திலிருந்து நகலெடுத்திருக்கலாம், நேர்கொண்ட பார்வையை யாரும் பழகிக்கொள்ளலாம்.

இந்த ஓட்டையை அடைக்கும் வழியொன்றை சாம் வைன்பர்க், சாரா மக்ரூ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2017இல் எடுத்துக்காட்டினார்கள். வரலாற்றறிஞர்கள் 10 பேர், ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் 25 பேர், தொழில்முறைச் செய்திச் சரிபார்ப்பாளர்கள் 10 பேர். மூன்று தரப்பிடமும் சில இணையதளங்களைக் கொடுத்து நம்பகமானவையா என்று கேட்டார்கள். அறிஞர்களும் மாணவர்களும் பக்கத்தின் உள்ளேயே ஆழ்ந்து படித்து, நேர்த்தியான வடிவமைப்பிலும் பெரிய பெயரிலும் மயங்கினார்கள். சரிபார்ப்பாளர்களோ சில நொடிகளில் அந்தப் பக்கத்தைவிட்டு வெளியே வந்து, இதைப் பற்றிப் பிறர் என்ன சொல்கிறார்கள் என்று வேறு சாளரங்களைத் திறந்தார்கள். பனுவலுக்குள் ஆழ்ந்து வாசி என்று சொல்லிக்கொடுக்கும் என்னைப் போன்ற இலக்கிய ஆசிரியர்களுக்கு இது சற்று வலிக்கும் பாடம். கவிதைக்குள் தங்கலாம். சந்தேகத்துக்குரிய செய்தியிடமிருந்து வெளியே வந்து விசாரிக்க வேண்டும்.

இதை வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன், எளிதாகப் பிடித்துக்கொண்டார்கள். சிக்கல் வேறிடத்தில் இருந்தது. ஒரு குறிப்பேட்டில் ‘நம்பினாயா?’ என்ற கட்டத்தில் ‘இல்லை, பொய்’ என்றும், ‘என்ன செய்தாய்?’ என்ற கட்டத்தில் ‘கும்பிடு எமோஜி போட்டேன்’ என்றும் எழுதியிருந்தது. குடும்பக் குழுவில் சித்தப்பா அனுப்பிய செய்தி அது. வேறு மதத்தைச் சேர்ந்த ஒரு வியாபாரியைப் பற்றியது. “பொய்னு தெரியும்மா. ஆனா சித்தப்பாகிட்ட எப்படிச் சொல்றது? காலேஜ் அனுப்பினதே தப்புன்னு ஆரம்பிச்சிருவாங்க.”

இந்த மாணவிக்கு இன்னும் என்ன ஊடகக் கல்வி வேண்டும்? அவளுக்குத் தெரிந்ததைச் சொல்ல இடம்தான் வேண்டும். இளைஞர்கள் பொய்யை நம்புவதாக நாம் கவலைப்படும் வேளையில், உண்மை தெரிந்த ஓர் இளம்பெண் தன் வீட்டில் வாய்மூடி உட்கார்ந்திருக்கிறாள்.

வஞ்சி நகரில் மணிமேகலை

எதை அறிவென்று ஏற்பது என்ற கேள்வியைத் தமிழில் விரிவாகப் பேசிய காப்பியத்தின் நாயகி ஓர் இளம்பெண். மணிமேகலை வஞ்சி நகருக்குப் போய்ப் பல சமயவாதிகளின் கருத்தைக் கேட்கிறாள். அங்கே அளவைவாதி அறிவைப் பெறும் வழிகளைப் பட்டியலிடுகிறான். காட்சி, அனுமானம், உவமை, ஆகமம் என்று போகும் அந்தப் பட்டியலில் ‘ஐதிகம்’ என்றொன்று உண்டு: ஊரார் சொல்வதால் ஏற்றுக்கொள்வது. அதற்குக் காப்பியம் தரும் எடுத்துக்காட்டு, இந்த மரத்தில் பேய் இருக்கிறது என்று உலகம் சொல்வதை நம்பித் தெளிதல். யார் பார்த்தார்கள், எப்போது என்பதெல்லாம் இல்லை. எல்லோரும் சொல்கிறார்கள், அவ்வளவுதான். ‘வந்ததை அப்படியே பகிர்கிறேன்’ என்ற குறிப்போடு வரும் செய்திக்கு இதைவிடப் பொருத்தமான கலைச்சொல் நம்மிடம் இல்லை.

பட்டியலின் தலையில் இருக்கும் காட்சியும் இன்று ஆட்டம் கண்டுவிட்டது. 2023 நவம்பரில் நடிகை ராஷ்மிகா மந்தனாவின் முகத்தை வேறொரு பெண்ணின் உடலோடு ஒட்டிய காணொளி நாடெங்கும் சுற்றியது. நடிகைக்கு நேர்ந்த அவமானம் பேசப்பட்டது, பேசப்படவும் வேண்டும். தன் முகம் அழிக்கப்பட்டு உடல் மட்டும் கடன் வாங்கப்பட்ட அந்த இன்னொரு பெண்ணைப் பற்றி எத்தனை பேர் யோசித்தோம்? ‘கண்ணால் பார்த்தேன்’ என்பது சான்றாக இருந்த காலம் முடிகிறபோது, முதல் சோதனைப் பொருளாக இருப்பது பெண்ணுடல்.

மணிமேகலை பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தச் சமயவாதிகளிடம் அவள் தன் உருவத்தில் போகவில்லை. மாதவன் வடிவில் போகிறாள். இளம்பெண் என்று தெரிந்தால் யாரும் உண்மைப் பொருளைச் சொல்லமாட்டார்கள் என்று மணிமேகலா தெய்வம் முன்பே எச்சரித்திருக்கிறது. அறிவு நடமாடும் இடத்தில் காதுகொடுக்க அவளுக்கு வேற்றுருவம் தேவைப்பட்டது. இன்று அரசியல் பேச ஆண்பெயரில் ஒரு கணக்கு, படத்துக்குப் பூவோ நிலாவோ வைத்துக்கொள்ளும் பெண்களுக்கு இது புரியும். பொய்க் கணக்குகளை ஒழித்தால் பொய்ச்செய்தி ஒழியும் என்று தீர்வு சொல்கிறவர்கள், வேற்றுருவம் எடுக்காமல் ஒரு பெண் பேசக்கூடிய வெளியை முதலில் காட்டட்டும்.

நம்பாமல் வாழ முடியாது

எல்லாவற்றையும் சந்தேகி என்பது வீரமான அறிவுரை. அதைப் பின்பற்றி ஒரு நாள்கூட வாழ முடியாது. என் பிறந்தநாளை அம்மா சொல்லித்தான் அறிவேன். மாத்திரை அட்டையில் அச்சிட்டதை நம்பித்தான் விழுங்குகிறேன். நம் அறிவின் பெரும்பகுதி பிறர் வாய்ச்சொல். அனெட் பேயர் என்ற தத்துவவாதி 1986இல் நம்பிக்கை பற்றி எழுதிய கட்டுரையில், ஒருவரை நம்புவது என்பது அவரால் நமக்குத் தீங்கு செய்ய முடியும் என்ற நிலையை ஏற்றுக்கொண்டு, அவருடைய நல்லெண்ணத்தின்மேல் சாய்வது என்றார். சமமான இருவர் கைகுலுக்கிச் செய்யும் ஒப்பந்தத்தையே மாதிரியாகக் கொண்டு ஆண்கள் கட்டிய அறவியலில் இந்தச் சாய்வுக்கு இடமில்லை என்பது அவருடைய குறை. குழந்தை, நோயாளி, முதியவர் என்று சாய்ந்திருப்பவர்களோடேயே வாழ்ந்த பெண்களுக்கு அது அன்றாடம்.

நம்பிக்கை இப்படிப்பட்டது என்றால் அதை உடைப்பதும் வெறும் தகவல் பிழையாக முடிவதில்லை. 2018ஆம் ஆண்டு குழந்தை கடத்துபவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற செய்தி இந்தியா முழுவதும் வாட்ஸ்அப்பில் சுற்றியது. அதோடு ஓடிய காணொளிகளில் ஒன்று, பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். மோட்டார் சைக்கிளில் வருகிறவர்கள் ஒரு சிறுவனைத் தூக்கிப் போவார்கள். பிறகு திரும்பி வந்து இறக்கிவிட்டு எச்சரிக்கை வாசகத்தைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டால் போதும், பாதுகாப்புப் படம் கடத்தல் படமாகிவிடுகிறது. அந்த ஆண்டு மே மாதம், சென்னையிலிருந்து உறவினர்களோடு கோயிலுக்குப் புறப்பட்டு, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே வழியில் நின்ற, அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண் அங்கிருந்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். கடத்த வந்தவர் என்று கூட்டம் அவரை அடித்தே கொன்றது.

ஒரு பாட்டி குழந்தைக்கு மிட்டாய் நீட்டுவதைக் காலங்காலமாக நாம் எப்படி வாசித்தோமோ, அந்த வாசிப்பை ஒரு சில வாரச் செய்திகள் மாற்றிவிட்டன. அடித்தவர்கள் தங்களைக் குழந்தைகளின் காவலர்கள் என்றே நம்பியிருப்பார்கள். சோதித்துப் பாராத நம்பிக்கையும், அந்நியர்மேல் காரணமில்லாத சந்தேகமும் எதிரெதிரானவை என்று நினைக்கிறோம். அந்தச் சாலையில் இரண்டும் ஒரே கையில் இருந்தன. திருக்குறளின் ‘தெரிந்துதெளிதல்’ அதிகாரம், ஆராயாமல் தெளிவதையும் தெளிந்தபின் ஐயுறுவதையும் ஒரே மூச்சில் தீராத துன்பம் என்று சொல்லி முடிவது எவ்வளவு சரி.

அந்தக் கொலைகளுக்குப் பிறகு, 2018 ஜூலையில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. கை நீளத்தைக் குறைத்தார்கள். கை எதற்காக நீள்கிறது என்ற கேள்வி நம்முடையது. ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை பரவிய செய்திகளை ஆராய்ந்த எம்.ஐ.டி. ஆய்வாளர்கள், உண்மையைவிடப் பொய் மறுபகிர்வு பெறும் வாய்ப்பு 70 விழுக்காடு அதிகம் என்று 2018இல் எழுதினார்கள். அதற்குக் காரணம் எந்திரக் கணக்குகள் அல்ல, மனிதர்களே என்பதும் அவர்களுடைய முடிவு.

இந்த மனிதர்களில் இளைஞர்கள் ஏமாறுகிறவர்களாக மட்டும் இல்லை. 2021 ஜூலையிலும் 2022 ஜனவரியிலும் முஸ்லிம் பெண்களின் படங்களைத் திருடி அவர்களை ‘ஏலம்’ விடும் செயலிகளை உருவாக்கினார்கள். குறிவைக்கப்பட்டவர்களில் பலர் பத்திரிகையாளர்கள், செயற்பாட்டாளர்கள். அதாவது செய்தியை எழுதுகிற, சாட்சி சொல்கிற பெண்கள். கைதானவர்கள் பெரும்பாலும் இருபதுகளில் இருந்தவர்கள், படித்துக்கொண்டிருந்தவர்கள். 18 வயதுப் பெண்ணும் அவர்களில் ஒருவர். தொழில்நுட்பம் அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

‘ஆதாரம் எங்கே?’

இங்கே ஒரு பெண்ணியவாதியாக நான் தடுமாறும் இடத்துக்கு வருகிறேன். ஆதாரம் கேள், சரிபார்த்த பிறகே நம்பு என்று வகுப்பில் சொல்கிறேன். இதே சொற்கள் வேறொரு வாயில் எப்படி ஒலிக்கும் என்பதும் எனக்குத் தெரியும். ஒரு பெண் தனக்கு நடந்ததைச் சொன்ன கணத்திலிருந்து அவளை நோக்கி எறியப்படும் முதல் கல் ‘ஆதாரம் எங்கே?’ என்பது. சொல்கிறவளின் சாதி, வர்க்கம், பால் காரணமாக அவள் சொல்லுக்குரிய மதிப்பைக் குறைத்துக் கேட்பதை மிராண்டா ஃப்ரிக்கர் 2007இல் வெளிவந்த தம் நூலில் அநீதியின் தனி வகையாகவே வரையறுத்தார். சாட்சிய அநீதி என்று அதைச் சொல்லலாம். அங்கே பறிக்கப்படுவது அறிபவள் என்ற தகுதி.

2017 அக்டோபரில் சட்ட மாணவர் ராயா சர்க்கார் முகநூலில் வெளியிட்ட பட்டியல் இந்தத் தடுமாற்றத்தை வீதிக்குக் கொண்டுவந்தது. பாலியல் தொல்லை கொடுத்ததாகச் சொல்லப்பட்ட கல்வியாளர்களின் பெயர்கள் அதில் இருந்தன; சொன்னவர்களின் பெயர்கள் இல்லை. முறையான விசாரணை இல்லாமல் பெயர்களை வெளியிடுவது சரியல்ல என்று மூத்த பெண்ணியவாதிகள் சிலர் அறிக்கை விட்டார்கள். அந்த முறைகள் எங்களை எப்போது காப்பாற்றின என்று இளம்பெண்கள் பலர், குறிப்பாகத் தலித் பெண்கள், திருப்பிக் கேட்டார்கள். எங்களுக்குள் உண்டான அந்தப் பிளவு இன்றுவரை முழுதாக ஆறவில்லை.

அதைப் பற்றி நெடுநாள் யோசித்ததில் எனக்கு ஒன்று தெளிவானது. ‘நம்புவது’ என்று ஒரே சொல்லால் நாம் மூன்று செயல்களைக் குறிக்கிறோம். செவிகொடுப்பது ஒன்று. உண்மையென்று முடிவுசெய்வது இரண்டு. பிறருக்குக் கடத்துவது மூன்று. மூன்றுக்கும் அறம் வெவ்வேறு. செவிகொடுப்பதற்கு ஆதாரம் முன்நிபந்தனையாக இருக்கக் கூடாது. சொல்ல வந்தவளை உட்காரவைத்து முழுதாகக் கேட்பது அவளுக்குரிய உரிமை. முடிவுசெய்வதற்கு ஆதாரம் வேண்டும், அதைத் தேடும் சுமை கேட்டவர்களையும் நிறுவனங்களையும் சேர்ந்தது. சொன்னவள் தலையில் மட்டும் ஏற்றுவது அநீதி. கடத்துவதற்கோ ஆதாரமும் போதாது. ஃபார்வர்டு பொத்தான் இந்த மூன்றையும் ஒரே தொடுதலாக்கிவிட்டது. கேட்பதற்குள் தீர்ப்பு, தீர்ப்பதற்குள் தூற்றல்.

உண்மையும் தூற்றலாகும்

ஆதாரமும் போதாது என்று ஏன் சொல்கிறேன்? 2024 டிசம்பரில் சென்னையில் ஒரு பல்கலைக்கழக வளாகத்துக்குள் மாணவி ஒருவர் பாலியல் தாக்குதலுக்கு உள்ளானார். அவர் துணிந்து புகார் கொடுத்தார். அவருடைய அடையாளம் அடங்கிய முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்து, கைப்பேசிகளில் சுற்றியது. சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்து, மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. அந்தக் கசிவுக்காக மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

அந்த ஆவணத்தை எந்தச் சரிபார்ப்பாளரிடம் கொடுத்தாலும் ‘உண்மை’ என்றுதான் முத்திரை குத்துவார். அது போலி இல்லை, ஒட்டுவேலை இல்லை. பகிர்ந்த பலர் நீதி வேண்டும் என்ற கோபத்தில்தான் பகிர்ந்திருப்பார்கள். ஆனாலும் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படி குற்றம். பழைய தண்டனைச் சட்டத்தின் 228ஏ, இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவு இரண்டும் அதைத்தான் சொல்கின்றன. பொய்ச்செய்திக்கு எதிரான நம் பரப்புரைகள் எல்லாம் ‘உண்மையா என்று பார்த்துப் பகிருங்கள்’ என்பதோடு நின்றுவிடுகின்றன. உண்மையாக இருந்தால் பகிரலாம் என்ற அனுமதி அதற்குள் ஒளிந்திருக்கிறது. வள்ளுவரின் ‘வாய்மை’ அதிகாரம் வாய்மையைத் தீமை விளைவிக்காத சொல் என்று வரையறுத்துத் தொடங்குவதை, பொய்சொல்லத் தரும் சலுகையாகப் பலர் பார்ப்பதுண்டு. உண்மை பேசுகிறவருக்கு வைத்த கடிவாளமாகவும் அதை வாசிக்கலாம்.

சங்க அகப்பாடல்கள் இதை நுட்பமாக அறிந்திருந்தன. தலைவியின் களவைப் பற்றி ஊர் பேசுவதற்கு இரண்டு சொற்கள். சிலர் வாய்க்குள் முணுமுணுப்பது அம்பல். பலரறியப் பரவுவது அலர். மொட்டும் மலரும் போல என்று உரையாசிரியர்கள் வேறுபாடு சொல்வார்கள். தனிப்பட்ட உரையாடலிலிருந்து குழுவுக்கும், குழுவிலிருந்து ஊருக்கும் ஒரு செய்தி விரிவதைக் குறிக்க இவ்வளவு பொருத்தமான இணை நம்மிடம் இருக்கிறது. இதில் நாம் கவனிக்கத் தவறுவது, அலர் பெரும்பாலும் பொய்யில்லை என்பதை. தலைவி காதலிக்கத்தான் செய்கிறாள். ஊர் சொல்வது உண்மைதான். அந்த உண்மை அவளை வீட்டுக்குள் அடைக்கிறது, உண்ணவும் உறங்கவும் விடாமல் செய்கிறது.

அதே உண்மையைச் சொல்லும் இன்னொரு வழியும் அந்த மரபில் உண்டு, அறத்தொடு நிற்றல். தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையனுக்குமாக அந்தச் செய்தி கைமாறுகிறது. அதற்குரிய காலம் வரும்வரை தோழி வாய்திறப்பதில்லை என்கிறது தொல்காப்பியம். சொல்வதற்கு ஏழு வகைகளையும் தருகிறது. உள்ளதை உள்ளபடி சொல்வது அவற்றில் கடைசியாக வருகிறது. செய்தி ஒன்றுதான். அலர் தூற்றும்போது சொல்கிறவருக்கு முகமில்லை, சொல்லப்படுகிறவளுக்குக் குரலில்லை, விளைவுக்குப் பொறுப்பாளி இல்லை. அறத்தொடு நிற்கும்போது சொல்கிறவள் பெயரோடு நிற்கிறாள். யாரைப் பற்றிய செய்தியோ அவளுக்குத் தெரிந்து, அவள் நலத்துக்காக, சொல்ல வேண்டியவரிடம் மட்டும் சொல்கிறாள்.

இந்த மரபை அப்படியே தூக்கிவைத்துக் கொண்டாட எனக்கு விருப்பமில்லை. அந்தத் தொடரின் முடிவில் இருப்பது தந்தையும் தமையனும். அது காக்க நினைப்பது கற்பையும் திருமணத்தையும். இன்று சாதி கடந்து காதலிக்கும் பெண்ணின் செய்தி தமையன் காதுக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊர்களில் பிணங்கள் சாட்சி. ஆகவே தொடரின் முடிவை வெட்டிவிட்டுத் தொடக்கத்தை எடுத்துக்கொள்வோம். தோழி என்ற இடத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு செய்தி என் கைக்கு வரும்போது நான் அலர் தூற்றும் ஊராக இருக்கப்போகிறேனா, தோழியாக இருக்கப்போகிறேனா என்று கேட்டுக்கொள்ளலாம். இது உண்மையா என்பதோடு, இது யாருடைய செய்தி, நான் சொல்வது அவளுக்குத் தெரியுமா, இதன் விளைவு அவள்மேல் விழும்போது நான் பக்கத்தில் இருப்பேனா என்றும் கேட்கலாம்.

சுமை யாருக்கு?

இவ்வளவு சொன்ன பிறகு, எல்லாப் பொறுப்பையும் பத்தொன்பது வயதுப் பெண்களின் விரல்நுனியில் வைத்துவிட்டுப் போவது நியாயமாகாது. முன்பு சொன்ன அனெட் பேயர் நல்ல நம்பிக்கைக்கு ஒரு சோதனை வைத்தார். ஓர் உறவில் ஒருவர் மற்றவரை எந்தக் காரணத்துக்காகச் சார்ந்திருக்கிறார் என்பது இருவருக்கும் முழுதாகத் தெரிந்த பிறகும் அந்த நம்பிக்கை உயிரோடு இருக்குமா? இருந்தால் அது நல்லது. தெரிந்ததும் நொறுங்குமென்றால், சுரண்டல் நம்பிக்கையின் உடையில் இருக்கிறது. வீட்டுக்காகவே உழைக்கும் மனைவியின் நம்பிக்கையைச் சோதிக்கும் கருவி இது. இன்ஸ்டாகிராமின் திரைக்கும் பொருந்தும். இந்தக் காணொளி உன் கண்ணில் ஏன் பட்டது? முக்கியமானது என்பதாலா? நீ இதில் கூடுதலாக நான்கு நொடி நிற்பாய், அந்த நொடிகளை விளம்பரக்காரருக்கு விற்கலாம் என்பதாலா? காரணம் தெரிந்த பிறகும் ‘முக்கியமானதுன்னா அதுவே வந்துடும்’ என்று சொல்ல முடியுமா? இந்தக் கேள்வியை நிறுவனங்களிடமும் அவற்றை ஒழுங்குபடுத்த வேண்டிய அரசிடமும் கேட்பது குடிமக்களின் வேலை.

மாற்று முயற்சிகள் இல்லாமலும் இல்லை. உத்தரப் பிரதேசத்தின் சித்திரகூட்டில் 2002இல் கிராமத்துப் பெண்கள், பெரும்பாலும் தலித் பெண்கள், ‘கபர் லஹரியா’ என்ற செய்தித்தாளைத் தொடங்கினார்கள். கைப்பேசியைக் கையிலெடுத்துப் பின்னர் முழுதும் இணையத்துக்கு வந்தார்கள். தண்ணீர், சாலை, வன்முறை என்று அவர்கள் எழுதியது அவர்கள் வாழ்ந்த ஊரைப் பற்றி. தவறாக எழுதினால் மறுநாள் அதே தெருவில் நடக்க வேண்டும். முகம் தெரிந்து, பதில் சொல்லக் கடமைப்பட்டு நிற்கும் அந்த நிலைதான் நம்பிக்கைக்குத் தகுதியுள்ள நிலை. கருவி கைப்பேசியா காகிதமா என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி.

மிச்சமிருப்பது வீடும் வகுப்பறையும். இளைஞர்கள் எதை நம்புகிறார்கள் என்று கவலைப்படும் பெரியவர்கள், அவர்கள் சொல்வதை நாம் நம்புகிறோமா என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். கும்பிடு எமோஜி போட்டுவிட்டு மௌனமாக இருந்த அந்த மாணவிக்குப் பொய்யைக் கண்டுபிடிக்கத் தெரியும். அந்தப் பொய்யால் ஒரு வியாபாரியின் பிழைப்பு கெடும் என்பதும் தெரியும். ‘சித்தப்பா, இது பொய்’ என்று அவள் எழுதுகிற நாளில் அவளுடைய படிப்பையும் போனையும் யாரும் பிடுங்கமாட்டார்கள் என்ற உறுதியை அவளுக்குத் தர வேண்டியவர்கள் நாம். அவள் அதை எழுதும்போது குழுவில் இருக்கும் அத்தைகளும் பெரியம்மாக்களும் ‘பிள்ளை சொல்வது சரி’ என்று அடுத்த வரியை எழுத வேண்டும். தோழி என்பது அந்த அடுத்த வரி.